ஆமாம் என்கிற பட்டன்

ஜனவரி 9

தங்கைக்கு,

‘அன்புள்ள’ என்று எழுதி, அடித்தேன். அடித்தல் திருத்தலோடு கடிதம் போகக் கூடாது என்று புதுத் தாள் எடுத்து, அந்த வார்த்தை இல்லாமலே தொடங்குகிறேன். இங்கே நலம். நீயும் நலமாகத்தான் இருப்பாய், உனக்கென்ன.

நீ விடாமல் போன் செய்வது தெரிகிறது. எடுக்க மாட்டேன். போனில் நான் ஒரு வாக்கியத்தை முடிப்பதற்குள் நீ அதை முடித்துவைப்பாய். மெயில் அனுப்பலாமென்றால் அந்தக் கம்ப்யூட்டரைத் திறக்க வேண்டும், அதற்குக் கை வரவில்லை. தாள் என்றால் நீ கடைசி வரை படித்துத்தான் ஆக வேண்டும்.

விடுமுறைக்கு வந்தாய். வந்த வேகத்தில் என் பேச்சுப் பயிற்சி அறைக்குள் போய் உட்கார்ந்தாய். “ஐயோ அக்கா, இது ஸ்கிரீனா, குப்பைத் தொட்டியா? பின்னாடி இருக்கிற படமே தெரியல” என்று சிரித்தாய். “என் வேலையே இதுதான். கம்ப்யூட்டர் தெரியாதவங்களுக்கு ஃபைலையெல்லாம் எடுத்து அடுக்கித் தர்ற ஏஐ. ‘துணை’ன்னு பேரு. வாயால சொன்னா போதும்” என்றாய். வெளியே ஒரு குழந்தையும் தாயும் காத்திருக்கிறார்கள், கொஞ்சம் பொறு என்று சொல்லிவிட்டுப் போனேன். திரும்பி வருவதற்குள் அது திரையின் மூலையில் குடியேறிவிட்டது. பல்லைக் காட்டும் ஒரு வட்டம். “அது ஏதாவது கேட்டா ஆமாம்னு அழுத்து, மத்ததை அது பாத்துக்கும்” என்று என் தோளைத் தட்டினாய்.

நீ ஊருக்குப் போன மறுநாள் அது கேட்டது: “ஒரே மாதிரி இருக்கும் ஃபைல்களை ஒழுங்குபடுத்தட்டுமா?” கீழே பச்சை நிறத்தில் கட்டை விரல் அளவுக்கு ‘ஆமாம்’. அதற்கும் கீழே சாம்பல் எழுத்தில், கண்ணாடி போட்டாலும் தெரியாத அளவில், ‘பிறகு’. நான் ஆமாம் அழுத்தினேன்.

அணில் என்று நான் கூப்பிடும் குழந்தையை நீ பார்த்திருக்கிறாய். ஆறு வயது. இரண்டு கையிலும் எதையாவது பிடித்துக்கொண்டு வாய் திறக்காமல் உட்கார்ந்திருப்பாள், அதனால் அந்தப் பெயர். அவள் அம்மா ஆஸ்பத்திரியில் படுக்கை விரிப்புகள் துவைக்கிற பிரிவில் வேலை பார்க்கிறாள். ஒரு வருஷத்துக்கு மேலாக வாரா வாரம் நான் ஒரு டம்ளர் தண்ணீரைக் கையில் வைத்துக்கொண்டு அவள் கேட்பதற்காகக் காத்திருப்பேன். என்ன சத்தம் வந்தாலும் பதிவு செய்வேன். முதலில் வெறும் காற்று. பிறகு ‘த’. பிறகு ‘தயி’. இப்போது ‘தண்ணி’.

அடுத்த மாதக் கடைசியில் பள்ளிக்கூடத்தில் சேர்க்கைக் குழு கூடுகிறது. எல்லாக் குழந்தைகளோடும் அவள் உட்காரலாமா, இல்லை ஊரின் மறுகோடியில் இருக்கும் சிறப்புப் பள்ளிக்குப் போக வேண்டுமா என்று அவர்கள்தான் சொல்ல வேண்டும். அங்கே தினமும் கொண்டுபோய் விட்டால் தாய்க்கு வேலை இருக்காது. குழந்தை முன்னேறுகிறாள் என்பதற்கு ஆதாரம் கேட்டிருக்கிறார்கள்.

நேற்று அந்தப் பதிவுகளைத் திறந்தேன். ஒன்றே ஒன்றுதான் இருந்தது. கடைசியாக எடுத்தது, தெளிவானது. வட்டம் பல்லைக் காட்டியது: “மிக்க மகிழ்ச்சி! ஒரே மாதிரியான பதிவுகளில் சிறந்ததை வைத்துக்கொண்டு மற்றவற்றை ஒதுக்கிவிட்டேன்.” அதற்கு என்ன மகிழ்ச்சி என்று தெரியவில்லை. மற்றவை இல்லாமல் இந்த ஒன்று, தண்ணி கேட்கும் ஒரு குழந்தை, அவ்வளவுதான். தெருவுக்குத் தெரு இருக்கிறார்கள்.

கேட்காமல் நீ அடுக்குவது இது முதல் தடவை இல்லை. அதை இப்போது எழுதப் போவதில்லை. பதிவுகள் எங்கே?

அக்கா

*

ஜனவரி 13

அன்புள்ள அக்காவுக்கு,

நான் அடிக்கவில்லை. எழுதிவிட்டேன், இருக்கட்டும்.

நீ போனை எடுக்காததால் நானும் தபால் உறை தேடி அலைந்தேன். கடைக்காரர், “ஆபீஸ் கவரா, கல்யாணக் கவரா?” என்றார். சண்டைக் கவர் இருக்கிறதா என்று கேட்க நினைத்தேன்.

முதலில் ஒன்றைத் தெரிந்துகொள். எதுவும் அழியவில்லை. துணை எதையும் உடனே அழிக்காது. ஒதுக்கியதை ஒரு மாதம் வைத்திருக்கும், அதன் பிறகுதான் போகும். அமைப்புகளுக்குப் போ. மேம்பட்டவை என்பதைத் திற. சேமிப்பக மேலாண்மையில் ஒதுக்கிடம் இருக்கும். எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து மீட்டமை. ஐந்து நிமிஷ வேலை. போனை எடுத்திருந்தால் இங்கிருந்தே உன் கம்ப்யூட்டருக்குள் வந்து நானே செய்திருப்பேன். மாதம் முடிவதற்குள் செய்துவிடு.

இரண்டாவது, நீதான் ஆமாம் அழுத்தினாய். உன் கையைப் பிடித்து யாரும் அழுத்தவில்லை. ஃபைல்களுக்கு நீ வைத்திருந்த பெயர்களையும் கொஞ்சம் நினைத்துப் பார். ‘அணில் புதுசு’, ‘அணில் புதுசு புதுசு’, ‘அணில் சளி’, ‘இது இல்ல அது’. இதைப் பார்த்து எது குழம்பாது? மனுஷனே குழம்புவான்.

பட்டன் பெரிதாக இருப்பதற்கும் காரணம் உண்டு. கம்ப்யூட்டர் பழகாதவர்கள் கேள்வியைப் பார்த்தாலே மூடிவிட்டு ஓடுகிறார்கள். நாலு கேள்வி கேட்டால் மூன்றாவதில் ஆளைக் காணோம். “எல்லாத்துக்கும் கேள்வி கேக்கிற வேலைக்காரனை யாரும் வெச்சுக்க மாட்டாங்க” என்பார் எங்கள் குழுத் தலைவர். எளிமை என்றால் கேள்வி குறைவு. இதை நான் பல வருஷமாகச் செய்கிறேன், அக்கா. நீ பேச்சுப் பயிற்சி கொடுக்கும்போது நான் வந்து டம்ளரை இப்படிப் பிடி என்று சொல்கிறேனா?

முதல் தடவை இல்லை என்று எழுதியிருக்கிறாய். அப்பாவைத்தான் சொல்கிறாய். அவர் போய் மூன்று வருஷமாகப் போகிறது. அன்றிலிருந்து நீ என்னோடு பேசும் ஒவ்வொரு பேச்சுக்கும் அடியில் அது கிடக்கிறது. எழுதுவதென்றால் முழுசாக எழுது.

உன்
குட்டி

*

ஜனவரி 21

தங்கைக்கு,

நீ சொன்ன வழியில் போனேன். ‘மேம்பட்டவை’ என்று ஒரு கதவு, அதைத் தட்டினால் ‘இது அனுபவமுள்ளவர்களுக்கு மட்டும்’ என்று ஒரு எச்சரிக்கை. எனக்காகச் செய்தது என்கிறாய், என் பொருளை வைத்த அறைக்குள் எனக்கே அனுமதி இல்லை. ‘மீட்டமை’ என்பது திருப்பிக் கொடு என்பதா, முதலிலிருந்து தொடங்கு என்பதா என்று தெரியாமல் எவ்வளவு நேரம் விரலை மேலேயே வைத்திருந்தேன் தெரியுமா? தவறாக அழுத்திவிட்டால் குழந்தையின் ஒரு வருஷம் போயிற்று. உனக்கு ஐந்து நிமிஷம். எனக்கு அன்றைய பகல் முழுவதும்.

பதிவுகள் வந்துவிட்டன. எல்லாவற்றுக்கும் ஒரே தேதி, வெளியே எடுத்த அன்றைய தேதி. பெயர்களையும் மாற்றிவிட்டது. பதிவு ஒன்று, பதிவு இரண்டு என்று வரிசையாக, அழகாக. நீ சிரித்த ‘அணில் சளி’ போய்விட்டது. அந்த வாரம் அவளுக்கு மூக்கடைப்பு, அதை வைத்து அவளை எடைபோடாதே என்று எனக்கு நானே எழுதிக்கொண்டது அது. ‘இது இல்ல அது’ என்பதற்கும் அர்த்தம் உண்டு. உனக்குச் சொல்லப் போவதில்லை.

கேட்டுப் பார்த்து வரிசைப்படுத்தலாம் என்று உட்கார்ந்தேன். முடியவில்லை. குழந்தைகள் படி ஏறுவதுபோல ஏறுவதில்லை. அவள் அப்பா வீட்டை விட்டுப் போன மழைக்காலத்தில், அதுவரை வந்த ‘த’வும் போய், பழையபடி வெறும் காற்றுதான் வந்தது. இப்போது காற்று மட்டும் வரும் பதிவுகளில் எது முதல் மாதத்தது, எது அந்த மழைக்காலத்தது? பிரித்துச் சொல்ல என் காதால் முடியவில்லை. குழு தேதி கேட்கும். ஊகித்து எழுதிக் கொடுக்க மாட்டேன்.

முழுசாக எழுது என்றாய். எழுதுகிறேன்.

அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து பேச்சு போன பிறகு எல்லாவற்றுக்கும் தலையாட்டுவார். “சாப்பிடறீங்களா?” தலையாட்டுவார். “இப்பதானே சாப்பிட்டீங்க?” அதற்கும் ஆட்டுவார். நீ வந்த அன்றே உன் முன்னால் அவரிடம் கேட்டுக் காட்டினேன்: “அப்பா, உங்க பேரு மேசையா?” ஆட்டினார். பார்த்தாயா, இந்தத் தலையாட்டலுக்கு ‘ஆமாம்’ என்று அர்த்தம் இல்லை என்று உனக்குச் சொன்னேன். என் பிழைப்பே அது, எனக்குத் தெரியாதா. அதன் பிறகும், நான் பயிற்சி அறையில் இருந்த ஒரு மதியம், நீ முதியோர் இல்லத்துத் தாளை எடுத்துக்கொண்டு அவர் முன்னால் உட்கார்ந்தாய். “அங்க நல்லா பாத்துப்பாங்கப்பா, போலாமா?” அவர் ஆட்டினார். நீ கையெழுத்துப் போட்டாய். சாயங்காலம் என்னிடம், “நான் கேட்டேன்க்கா, அவர் ஆமாம்னார்” என்றாய். அங்கே நாலு மாதம் இருந்தார், அவ்வளவுதான்.

உன் வட்டத்துக்குக் கேள்வி கேட்கச் சொல்லிக் கொடுத்தது நீதான் என்று எனக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை.

அக்கா

*

ஜனவரி 29

அக்கா,

வேலையை முதலில் முடித்துவிடுகிறேன்.

உன் ஒலிப்பதிவுக் கருவி, பதிவு செய்த நாளை ஒவ்வொரு பதிவுக்குள்ளும் எழுதி வைத்திருக்கும். வெளியே தெரியும் தேதி மாறினாலும் உள்ளே இருப்பது மாறாது. கம்ப்யூட்டரைத் திற. வட்டத்தின் மேல் ஒரு தடவை தட்டு. எழுத ஒரு கட்டம் வரும். அதில் இப்படியே எழுது: ‘இந்தப் பதிவுகள் ஒவ்வொன்றும் எந்த நாளில் பேசிப் பதிவானது என்று சொல். அந்த வரிசையில் எனக்குக் காட்டு. எதன் பெயரையும் மாற்றாதே. எதையும் நகர்த்தாதே. எதையும் ஒதுக்காதே.’ அது ஏதாவது திருப்பிக் கேட்டால் ‘வேண்டாம், காட்டினால் போதும்’ என்று எழுது. வேறு எதையும் தொட வேண்டாம். பயமாக இருந்தால் அப்படியே எழுந்து போய்விடு. நீ எழுந்து போனால் எதுவும் கெடாது.

இந்த ஒரு பத்தியை எழுத எனக்கு ஒரு முழுச் சாயங்காலம் ஆனது. எழுதிப் படித்துப் பார்ப்பேன். இந்த வார்த்தைக்கு அக்கா ‘அப்படின்னா?’ என்பாள் என்று தோன்றும். கிழிப்பேன்.

உன் கடிதத்தை ஆபீசுக்கு எடுத்துக்கொண்டு போனேன். வாராந்திரக் கூட்டத்தில் கம்ப்யூட்டர் பற்றிய பகுதியைப் படித்தேன். ‘இது இல்ல அது’ என்ற இடத்தில் ஒருவன் சிரித்தான். தலைவர், “எத்தனை பேருக்கு இப்படி ஆகுது?” என்றார். “என் அக்காவுக்கு ஆச்சு” என்றேன். “உங்க அக்கா ஒருத்திக்காக எல்லாரையும் கேள்வி கேட்டுட்டு இருக்க முடியுமா?” என்றார். கேட்கத்தான் வேண்டும் என்றேன். பேச்சு முற்றிப் போயிற்று. நான் கதவைச் சாத்திவிட்டு வந்தேன் என்று இப்போது ஆபீஸ் முழுக்கப் பேச்சு.

இனி அப்பா.

நான் கேட்டேன். அவர் தலையாட்டினார். நீ மேசை என்று கேட்டுக் காட்டியதும் ஞாபகம் இருக்கிறது. எனக்கு இருந்தது பத்து நாள் லீவு. அன்று சாயங்காலமே உன்னிடம் சொன்னேன். இல்லத்து வண்டி மறுநாள் வரவில்லை, அதற்கும் அடுத்த நாள் காலையில்தான் வந்தது. நடுவில் முழுசாக ஒரு நாள் இருந்தது. நீ இல்லத்துக்குப் போன் செய்யவில்லை. தாளைக் கிழிக்கவில்லை. “வேண்டாம்” என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் கையெழுத்தைத் திரும்ப வாங்கியிருப்பேன். நீ என்ன செய்தாய்? அவர் சட்டைகளை இஸ்திரி போட்டாய். ஒவ்வொன்றின் காலருக்கு உள்ளேயும் மை பேனாவால் அவர் பெயரை எழுதினாய். பையில் அடுக்கினாய்.

ஒன்றரை வருஷம் அவரைத் தூக்கி, துடைத்து, திருப்பிப் படுக்கவைத்தது நீதான். உனக்கு முடியாமல் போயிருந்தது, அதைச் சொல்ல வாய் வரவில்லை. பட்டனை நான் அழுத்த வேண்டியிருந்தது. நான் அழுத்தினேன். அதற்குப் பிறகு நீ நல்லவளாகவே இருந்துகொண்டாய், நான் கையெழுத்துப் போட்டவளாக இருக்கிறேன்.

குட்டி

*

பிப்ரவரி 3

தங்கைக்கு,

நீ சொன்னதை எழுத்துக்கு எழுத்து எழுதினேன். வட்டம் கொஞ்சம் யோசித்தது. பிறகு ஒவ்வொரு பதிவும் தன் தேதியோடு வரிசையாக வந்து நின்றது. எதையும் நகர்த்தவில்லை. மழைக்காலத்துப் பதிவுகள் மழைக்காலத்தில் இருந்தன. நன்றி என்று எழுத வேண்டிய இடம் இது. எழுதியாயிற்று என்று வைத்துக்கொள்.

என் கடிதத்தை யாரைக் கேட்டு ஆபீசில் படித்தாய்? நான் உனக்கு எழுதினேன், உன் கூட்டத்துக்கு எழுதவில்லை. பேச்சு வராத ஒரு குழந்தைக்கு நான் வைத்த பெயர்களைக் கேட்டு, முன்பின் தெரியாத ஒருவன் சிரித்திருக்கிறான். நீ அதை எனக்குச் சாதனைபோல எழுதுகிறாய், கதவைச் சாத்தினாயாம். எனக்காகச் செய்தேன் என்பாய். எனக்காக நீ செய்வதெல்லாம் எனக்குக் கடைசியில்தான் தெரியவருகிறது.

மற்ற விஷயத்துக்கு நான் பதில் எழுதப் போவதில்லை. குழு கூடி முடியும் வரை எனக்கு எழுதாதே. எழுதினால் பிரிக்க மாட்டேன்.

அக்கா

*

மார்ச் 4

அன்புள்ள அக்காவுக்கு,

குழு முடிந்திருக்கும் என்று நாள் பார்த்து எழுதுகிறேன். அணிலுக்கு என்ன ஆயிற்று?

இங்கே ஒரு மாதம் ஓயாத சண்டை. நானே வாதாடி ஜெயித்தேன் என்று சொல்ல ஆசைதான். உண்மை என்னவென்றால், எங்கள் தலைவரின் மாமியார் வீட்டுக் கம்ப்யூட்டரில் துணை புகுந்து, பேரனின் படங்களில் ‘சிறந்ததை’ மட்டும் விட்டுவைத்தது. மறுநாள் காலை தலைவர் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு என் மேசைக்கு வந்து, “அந்தக் கேள்வி விஷயம், கொஞ்சம் பேசலாமா?” என்றார். நான் சிரிக்கவில்லை. சிரித்திருக்கலாம்.

இப்போது அது இப்படிக் கேட்கிறது: “இந்தப் பதிவுகள் ஒரே மாதிரித் தெரிகின்றன. ஆனால் வேறு வேறு நாட்களில் பதிவானவை. உங்களுக்கு இவை தனித்தனியாக வேண்டியிருக்கலாம். நீங்கள் சொல்லும் வரை தொட மாட்டேன்.” ‘ஆமாம்’, ‘வேண்டாம்’ இரண்டும் ஒரே அளவு, ஒரே நிறம். நாம் வைத்த பெயரை அது மாற்றாது. எது செய்தாலும் பக்கத்திலேயே ‘இருந்தபடி வை’ என்று ஒரு பட்டன் நிற்கும். ஒதுக்கிய பொருளைப் பார்க்க எந்தக் கதவையும் தட்ட வேண்டாம், முகப்பிலேயே இருக்கும். தையல்காரர், மாட்டு வைத்தியர், பேருந்து நிலையத்தில் அறிவிப்புச் சொல்கிறவர் என்று ஆட்களைக் கூப்பிட்டு உட்காரவைத்துப் பார்த்தோம். யாரும் மூடிவிட்டு ஓடவில்லை. மாட்டு வைத்தியர் மட்டும் வட்டம் எதற்குச் சிரிக்கிறது என்று கேட்டார். அதையும் எடுத்துவிட்டோம்.

உன்னிடம் இரண்டு விஷயம் கேட்க வேண்டும். பார், கேட்கிறேன்.

ஒன்று, அணிலின் பதிவுகள். ஒரே மாதிரி இருந்தும் ஒன்றில்லாதவை எவை என்று இயந்திரத்துக்குக் கற்றுத்தர அதைவிட நல்லது எதுவும் கிடைக்காது. தரலாமா? அவள் அம்மாவிடமும் நானே எழுதிக் கேட்கிறேன்.

இரண்டு, ஏப்ரலில் ஒரு வாரம் லீவு இருக்கிறது. வீட்டுக்கு வரட்டுமா?

அப்பா பற்றி நான் எழுதியது அதிகம் என்றால் அதிகம் என்று எழுது. பொய் என்றால் பொய் என்று எழுது. ஒன்றும் எழுதாமல் மட்டும் இருக்காதே.

உன்
குட்டி

*

மார்ச் 16

தங்கைக்கு,

குழுவில் மூன்று பேர். பதிவுகளைப் போட ஆரம்பித்ததும் ஓரத்தில் இருந்தவர், “கடைசி ஒண்ணு போதுமே மேடம், நேரமாகுது” என்றார். உன் வட்டத்துக்கு உறவுக்காரர் போலிருக்கிறது. இடத்தை விட்டு நகராமல் நின்றுகொண்டிருந்தேன். தலைமையாசிரியை, “போடுங்க” என்றார். முதல் மாதத்துக் காற்றைப் போட்டேன். மழைக்காலத்துக் காற்றைப் போட்டேன். இது ஏன் பின்னால் போயிருக்கிறது என்று கேட்டார், சொன்னேன். அணிலின் அம்மா தரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். துவைத்துத் துவைத்து வெளுத்த கைகளை மடியில் ஒளித்து வைத்திருந்தாள்.

கடைசியில் தலைமையாசிரியை குழந்தையிடம் குனிந்து, “இந்த ஸ்கூலுக்கு வர்றியா கண்ணு?” என்றார். அணில் தலையாட்டினாள். மூன்று பேருக்கும் சந்தோஷம், பேனாவை எடுத்துவிட்டார்கள். நான் குறுக்கே பேசினேன். அவள் பழகாத இடத்தில் எல்லாவற்றுக்கும் தலையாட்டுவாள், வாயால் சொல்லும்படி கேளுங்கள் என்றேன். அம்மா என்னை வெட்டுவதுபோலப் பார்த்தாள். தலைமையாசிரியை மறுபடியும் கேட்டார்: “வர்றியா, வேணாமா?”

அணில் நன்றாக யோசித்தாள். பிறகு, “வேணாம்” என்றாள். மூன்று எழுத்தும் முழுசாக.

அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அந்த ஓரத்து ஆள் இருமினார். தலைமையாசிரியைதான், “இவ்வளவு தெளிவா வேணாம்னு சொல்ற பிள்ளையை நான் வேற எங்க அனுப்புறது?” என்று சொல்லிவிட்டு எழுதினார். போன வாரம் தபால் வந்தது. சேர்த்துக்கொள்கிறார்கள். முதல் ஆறு மாதம் வாரத்தில் மூன்று நாள் நானும் வகுப்பில் உட்கார வேண்டும். அணிலுக்கு இன்னும் அந்தப் பள்ளிக்கூடம் வேண்டாம்தான். தினமும் சொல்கிறாள். சொல்லட்டும்.

புது வட்டம் வந்துவிட்டது. சிரிக்கவில்லை. நேற்று என்னை ஒரு கேள்வி கேட்டது, வேண்டாம் என்று அழுத்தினேன், ‘சரி’ என்று சொல்லிவிட்டுப் போய்விட்டது. அவ்வளவு எளிதாகப் போய்விடும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. வேலை நன்றாகச் செய்திருக்கிறாய். இதை மனதார எழுதுகிறேன்.

இனி நீ கேட்டவை.

பதிவுகள்: தர மாட்டேன். அவள் அம்மாவுக்கும் எழுதாதே. மகளைச் சேர்த்துவிட்ட சந்தோஷத்தில் அவள் எதற்கும் சரி என்பாள்.

அப்பா: அதிகம் என்றும் எழுத மாட்டேன், பொய் என்றும் எழுத மாட்டேன். காலரில் பெயர் எழுதியது நான்தான். அந்த ஒரு நாள் முழுவதும் என்ன நினைத்துக்கொண்டிருந்தேன் என்பது எனக்குத் தெரியும். அதை உன்னிடம் கொடுத்தால் நீ அதையும் எடுத்து ஓர் இடத்தில் அடுக்கிவைத்துவிடுவாய். அது என்னிடமே கிடக்கட்டும், கலைந்தபடி.

ஏப்ரல்: வராதே. உன் அறை இருக்கிறது, கட்டில் இருக்கிறது, வீட்டுச் சாவியும் உன்னிடம் இருக்கிறது. நீ நேராக வந்து நின்றால் நான் கதவைத் திறந்துவிடுவேன் என்று உனக்குத் தெரியும், எனக்கும் தெரியும். அதனால்தான் தெளிவாக எழுதுகிறேன், வராதே.

அடுத்த வருஷம் கேள். அப்போது என்ன சொல்வேன் என்று எனக்கு இப்போது தெரியாது. ஆனால் கேள்.

அக்கா